அரியலூர்த் திண்ணையில் அரும்பிய தமிழ்

அரியலூர் என்றால் இன்று சிமெண்டு ஆலைகள் நினைவுக்கு வரும். பெரம்பலூர் என்றால் பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சீமைக்கு வேறொரு பெருமையும் உண்டு. தமிழ்த் தாத்தா என்று நாடே கொண்டாடும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிறுவனாக இருந்தபோது தமிழ்ச் சுவை கண்டது இந்த ஊர்களில்தான்.

அந்தக் காலத்தில் இவை திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. பெரம்பலூர் 1995-ம் ஆண்டிலும், அரியலூர் 2007-ம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாக நிலைபெற்றன. சாமிநாதையர் இங்கே இருந்த 1860-ம் ஆண்டுகளில் அரியலூருக்கு ரெயில் கிடையாது. கட்டை வண்டி உண்டு, இல்லாவிட்டால் நடைதான். அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் பார்ப்பதே அரிது.

புத்தகம் இல்லாத ஊரில் ஒரு சிறுவன் எப்படித் தமிழ் படித்தான்? மனத்தையே புத்தகமாக்கிக்கொண்டு படித்தான். அந்தக் கதைதான் இது.

பாட்டுக் குடும்பம்

1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, தாயார் பிறந்த ஊரான சூரியமூலையில் சாமிநாதையர் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகே உள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர். தாயார் சரசுவதி அம்மாள். குழந்தைக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன். பிற்காலத்தில் அந்த வீட்டுப் பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று.

வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஜமீனில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். நிலபுலன் அதிகம் இல்லை. ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்வார். சீகாழி அருணாசலக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் பாடிய இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்வார். கதை பல நாட்கள் நடக்கும். கடைசியில் பட்டாபிஷேகம். அன்று ஊரார் தங்களால் இயன்றதைச் சேர்த்துக் கொடுப்பார்கள். குடும்பம் அதில்தான் நடந்தது.

இப்படிக் கதை கேட்க வருகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் இராமன் காட்டுக்குப் போன கதையைக் கேட்டால், ஏர் உழுகிறவரும் சொல்லுவார். தயிர் விற்கும் பாட்டியும் சொல்லுவார். இரவில் கேட்டது, பகலில் வேலை செய்யும்போது வாயில் பாட்டாக வரும். கோயிலும் கதையும் பஜனையும்தான் அன்று ஊருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. தந்தையார் பாடிய பாட்டுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே வளர்ந்தான் சிறுவன் சாமிநாதன்.

மணலில் எழுத்து

அன்றைய பள்ளிக்கூடம் என்பது ஆசிரியர் வீட்டுத் திண்ணை. பலகை இல்லை, சிலேட்டு இல்லை. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். கை பழகிய பிறகு பனையோலையும் எழுத்தாணியும் வரும். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவான். ஒருவன் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொல்லுவார்கள். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். காலையிலும் முறை, மாலையிலும் முறை. தெருக்கோடி வரையில் அந்தச் சத்தம் கேட்கும்.

முதலில் அரிச்சுவடி. பிறகு ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை. பிறகு சதகங்கள், அந்தாதிகள், நிகண்டு. நிகண்டு என்பது ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பாட்டாகச் சொல்லும் நூல்; அந்தக் காலத்து அகராதி என்று சொல்லலாம். கணக்குக்கு எண்சுவடி. அதில் பின்னங்களும் உண்டு. 320-ல் ஒரு பங்கு முந்திரி. 80-ல் ஒரு பங்கு காணி. 20-ல் ஒரு பங்கு மா. இந்தக் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருந்தது.

பாடத்தில் பெரும்பகுதி கடவுளைப் பற்றிய பாட்டு. விஜயதசமியில் படிப்புத் தொடங்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டுப் பாடிச் செல்வார்கள், கிடைத்தது ஆசிரியருக்கு. படிப்பையும் பக்தியையும் யாரும் தனித்தனியே பார்க்கவில்லை.

ஏன் இத்தனை மனப்பாடம்? காரணம் எளிது. ஒரு பெரிய நூலை ஓலையில் பிரதி செய்ய மாதக் கணக்கில் ஆகும். எழுதிய ஏட்டையும் செல்லரிக்கும். நாளானால் ஓலை ஒடியும். நெஞ்சில் எழுதியதைச் செல்லரிக்காது!

பூ, பறவை, ஊர்

ஞாபக சக்தியை வளர்க்கத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்தவுடன் அதை மறவாமல் சொல்ல வேண்டும். மறந்தால் பிரம்பு பேசும். பையன்கள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். சாப்பிடும்போதும் அதே நினைவு. தூங்கும்போதும் அதே நினைவு.

இந்தப் பள்ளிக்கூடங்கள் எங்கோ ஒன்றிரண்டு இருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் செய்தார். 1826-ம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர்.

சீமையிலும் இதன் புகழ் பரவியது. ஆண்டுரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தி வந்தார். பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், ஒரு பையன் மற்றப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்து அதைத் தம் பள்ளியிலும் கையாண்டார். 1797-ல் இலண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் சென்னை முறை என்ற பெயரோடு அது பரவியது.

குறையையும் சொல்ல வேண்டும். மன்றோவின் கணக்கில் இருந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. அர்த்தம் தெரியாமலே ஒப்பிக்கும் பிள்ளைகளும் உண்டு. பிரம்படிக்குப் பயந்து ஓடிப்போனவர்களும் உண்டு.

ஊர் ஊராகப் படிப்பு

வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு அரியலூருக்கு வந்தார். அங்கே சடகோபையங்கார் என்ற தமிழ் வித்துவான் இருந்தார். அவருக்குத் தமிழும் தெரியும், சங்கீதமும் தெரியும். ஒரு பாட்டை இராகத்தோடு பாடி, பிறகு அதன் பொருளைச் சுவையாக எடுத்துச் சொல்வார். அதுவரையில் சிறுவனுக்குப் பாட்டு என்பது ஒப்பிக்க வேண்டிய பாடம். சடகோபையங்காரிடம் வந்த பிறகுதான் அது இனிக்கத் தொடங்கியது. தமக்குத் தமிழில் ருசி உண்டாக்கியவர் அவரே என்று கடைசிவரையில் நன்றியோடு சொல்லி வந்தார் சாமிநாதையர்.

தெலுங்கும் படித்துப் பார்த்தான் பையன், மனம் செல்லவில்லை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்றார்கள் சிலர். தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் பிள்ளைக்குத் தமிழ்தான் வேண்டும் என்பது தகப்பனாருக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பிழைப்பு இருக்கும் ஊருக்குப் போவதைக் காட்டிலும், மகனுக்குப் பாடம் சொல்ல ஆள் இருக்கும் ஊராகத் தேடத் தொடங்கினார். மூட்டை முடிச்சோடு குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. இவர்களில் யாரும் பெரிய கல்லூரியில் உத்தியோகம் பார்த்தவர்கள் இல்லை. கிராமத்தில் வாழ்ந்துகொண்டு, தமக்குத் தெரிந்ததை அன்போடு சொல்லிக் கொடுத்தவர்கள். இந்த ஊர்களில் இருந்த அன்பர்கள் நெல்லும் பருப்பும் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள்.

செங்கணத்து ரெட்டியார் தமக்குத் தெரிந்த அளவு சொல்லிக் கொடுத்தார். அதோடு, மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்றும் ஆசை ஊட்டினார். அன்று முதல் பையனுக்கு அதே கனவு.

மாயூரத்தில் ஒரு சோதனை

1871-ம் ஆண்டு. தகப்பனாரும் மகனும் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவானைக் கண்டார்கள். பதினேழாம் வயதில் இருந்த இளைஞருக்கு நாக்கு உலர்ந்தது. பிள்ளையவர்கள் சில பாடல்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நிகண்டு மனப்பாடம் உண்டா என்றும் கேட்டார். பன்னிரண்டு தொகுதியும் பாடம் என்றார் இளைஞர். சொல்லியும் காட்டினார். இந்தக் காலத்தில் நிகண்டை நெட்டுருப் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களே என்று சொல்லி மகாவித்துவான் சந்தோஷப்பட்டார். பெரம்பலூர்ச் சீமையில் போட்ட விதை முளைத்துவிட்டது!

மகாவித்துவானின் நினைவாற்றலோ அதிசயமானது. தல புராணங்களைக் கையில் எழுதிப் பார்க்காமல், மனத்திலேயே பாட்டைக் கட்டி வாயால் சொல்லுவார். மாணாக்கர் ஓலையில் எழுதிக்கொண்டே போவார். சாமிநாதையரும் அப்படி எழுதியவர்களில் ஒருவர். 1876 பிப்ரவரி 1-ந் தேதி ஆசிரியர் காலமாகும் வரையில் அவரோடு இருந்தார். அதன் பிறகு திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

ஒரு கேள்வி

1880 அக்டோபர் 21-ந் தேதி. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் சாமிநாதையர். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் வரிசையாகச் சொன்னார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ்கள் இத்தனை, கோவைகள், புராணங்கள் இத்தனை. முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்டார்.

ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

எத்தனையோ நூல்களைத் தலைகீழாகச் சொல்லும் ஒருவருக்கு இந்த நூல்கள் எப்படித் தெரியாமற் போயின? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. திண்ணையில் எதை முறை சொன்னார்களோ, கோயிலில் எதைப் பாடினார்களோ, மடத்தில் எதைப் பாடம் சொன்னார்களோ அது மட்டும் நாட்டின் நினைவில் நின்றது. சிந்தாமணி சமணக் காவியம். மணிமேகலை பௌத்தக் காவியம். புறநானூறு போன்ற நூல்களோ பெரும்பாலும் காதலையும் வீரத்தையும் கொடையையும் பாடியவை. திண்ணையிலும் மடத்திலும் இவற்றை எடுத்து ஓதுவார் இல்லை. ஓதாதது மறந்தது. ஏடு மட்டும் எங்கோ பரணில் கிடந்தது.

மாவிலைத் தோரணம்

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியோடு வீட்டுக்கு வந்தார் ஐயர். படித்தால் பல இடங்கள் விளங்கவில்லை. சமண மதச் செய்திகள் புரியவில்லை. கும்பகோணத்திலே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். அங்கே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தார். பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து வந்து அன்றுதான் நிறைவு செய்தார்களாம்! அதற்காகவே அந்தக் கொண்டாட்டம்.

ஐயர் திகைத்துப்போனார். தமிழ் வித்துவான்கள் மறந்த நூலை அந்த வீட்டார் விரதம் போலப் படித்து வந்திருக்கிறார்கள். இராமாயணம் தமது வீட்டில் எப்படியோ, சிந்தாமணி அவர்கள் வீட்டில் அப்படி. அந்தச் சமணர்கள் அன்போடு சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார்கள். 1887-ல் சீவகசிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கலித்தொகையை அச்சிட்டார்.

தீயில் போன ஏடுகள்

பிறகு ஏடு தேடும் வேலையே அவருடைய வாழ்க்கையாயிற்று. மடம் மடமாக, வீடு வீடாக அலைந்தார். எல்லா இடத்திலும் மாவிலைத் தோரணம் காத்திருக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்தனவென்று கேட்டுப் போனார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் செய்வதே சாஸ்திரம் என்று அவர்கள் நம்பினார்கள். கெட்ட எண்ணத்தால் செய்யவில்லை, பக்தியால் செய்தார்கள். பக்தி ஒரு வீட்டில் நூலைக் காத்தது. இன்னொரு இடத்தில் நூலை எரித்தது. ஐயரின் மனம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா?

உதிர்ந்த பூக்கள்

பழைய உரையாசிரியர்கள் வேறு நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டுவார்கள். எந்த நூலின் வரி என்று பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். ஐயர் அந்த வரிகளை மனத்தில் வைத்துக்கொள்வார். பல நாட்கள் கழித்து வேறொரு ஏட்டைப் படிக்கும்போது அதே வரி தட்டுப்படும். உடனே இரண்டும் சேர்ந்துவிடும். முறை சொல்லிப் பழகிய நெஞ்சு அந்த வேலையைச் செய்தது.

பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது ஒரு சோதனை வந்தது. அதிலுள்ள குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார். ஐயரிடம் இருந்த ஏட்டில் சில பூக்களின் பெயர்கள் இல்லை. ஓலை சிதைந்து பூக்கள் உதிர்ந்துவிட்டன! தேடித் தேடிப் பார்த்தார். கடைசியில் தருமபுரம் மடத்து ஏட்டில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. ஒரு பூவின் பெயரை மறக்காமல் இரவெல்லாம் முணுமுணுத்த திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன், உதிர்ந்த பூக்களை மறுபடியும் பாட்டில் சேர்த்துவிட்டான். பத்துப்பாட்டு 1889-ல் வெளிவந்தது.

பிறகு 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1906-ல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. குறுந்தொகை 1937-ல் வந்தபோது அவருக்கு வயது 82.

நினைவே வாழ்க்கை

1940-ல் ஆனந்த விகடன் பத்திரிகையில் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவற்றையும் நேற்று நடந்தது போல எழுதினார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எல்லாம் அதில் வந்தன. பெயர் தெரியாமல் போயிருக்கக்கூடிய கிராமத்து ஆசிரியர்கள் அதில் உயிரோடு நடமாடுகிறார்கள். தமக்குப் பாடம் சொன்ன ஒருவரைக்கூட அவர் மறக்கவில்லை. அந்த வரலாறு முடிவதற்கு முன்பே, 1942 ஏப்ரல் 28-ந் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

நம் வீட்டில் பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டு இருக்கும். தாத்தாவுக்குத் தெரிந்த கதைப்பாட்டு இருக்கும். யாரும் திரும்பச் சொல்லாவிட்டால் அதுவும் ஒரு நாள் பரணில் கிடந்த ஏடு போல ஆகிவிடும். இன்று இரவு விளக்கை அணைப்பதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயரைச் சொல்லி வையுங்கள். ஒரு பறவையின் பெயரையும், ஒரு ஊரின் பெயரையும் சொல்லி வையுங்கள். காலையில் எழுந்ததும் கேளுங்கள். பிரம்பு மட்டும் வேண்டாம்!